ரூட்டர் வீட்டுக்கு வெள்ளித் தோரணம்

அல்வீனே ரூட்டர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம்தான் கல்லறைக்குக் கல் வைத்தார்கள். "காத்திருந்த உத்தம மனைவி" என்று அதில் வெட்டச் சொன்னவர் அவள் கணவர் லாம்பெர்ட். அதைப் படித்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் இதைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் காத்திருக்கவில்லை. அவர் சிறையிலிருந்து வரவே கூடாது என்றுதான் நினைத்தாள். பத்து வருடமாக எங்கள் ஊர் இதற்கு நேர் எதிரான ஒரு கதையை வளர்த்து வந்தது. தேவாலயத்தில் முன்வரிசையில் அவளுக்கென்று ஓர் இடம். யார் வீட்டில் பன்றி வெட்டினாலும் முதல் தொத்திறைச்சி அவளுக்குப் போகும். குளிர்காலத்தில் கேட்காமலேயே அவள் வாசலில் நிலக்கரி கொட்டிவிட்டுப் போவார்கள். பசிக்கிற காலத்தில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்? வாங்கித் தின்ற பிறகு, எனக்கு அந்த மனிதர் வேண்டாம் என்று மட்டும் எந்த வாயால் சொல்வாள்?

நான் தேக்லா ஓஸ்டர்காம்ப். அவள் வீட்டுக்கு இடது பக்கத்து வீடு. போர் தொடங்கிய மறு வருடமே என் கணவர் பிரான்சில் செத்துப்போனார். பின்கட்டில் துணி தேய்க்கும் சூட்டு உருளை இயந்திரம் போட்டு ஊராரின் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக் கொடுத்துப் பிழைத்தேன். எங்கள் வெஸ்ட்பாலியாப் பக்கத்தில் இடது பக்கத்து வீட்டுக்காரர்தான் முதல் அயலார். குழந்தை பிறந்தால் ஓடவேண்டும், சாவு விழுந்தால் பிணத்தைக் குளிப்பாட்ட வேண்டும், கல்யாணமோ வெள்ளி விழாவோ வந்தால் ஊசியிலைக் கிளைகளைப் பின்னிக் காகித ரோஜா வைத்து வாசலைச் சுற்றித் தோரணம் கட்டவேண்டும். கூடப்பிறந்த அக்காளோடு பேச்சை நிறுத்திவிடலாம். முதல் அயலாரோடு முடியாது.

போர் முடிந்த வருடம் அவள் ஒரு கைப்பெட்டியோடு இங்கே வந்து சேர்ந்தாள். லாம்பெர்ட்டின் அப்பா அம்மா விட்டுப்போன வீடு அது. அவளுடைய சொந்த ஊர் டூயிஸ்பர்க் துறைமுகம். அப்பா ரைன் நதியில் சரக்குப் படகு ஓட்டியவர். குண்டுவீச்சில் அந்த வீடும் போயிற்று, வீட்டிலிருந்தவர்களும் போனார்கள். பிள்ளைகுட்டி கிடையாது. என்னிடம் வேலை கேட்டு வந்தாள், சேர்த்துக்கொண்டேன். உருளை வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி விரிப்பை உள்ளே கொடுக்க வேண்டும், இன்னொருத்தி அந்தப் பக்கம் வாங்கி மடிக்க வேண்டும். நாளெல்லாம் எதிரும் புதிருமாக நிற்கும் வேலையில் எத்தனை நாள்தான் வானிலையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது?

லாம்பெர்ட்டை எங்கே பிடித்தாள் என்று ஒருநாள் கேட்டேன். மறைக்காமல் சொன்னாள்.

"கார்னிவல்ல டான்ஸ் ஆட வந்தார். போலீஸ்ல சின்ன அதிகாரி. பூட்ஸ் பளபளன்னு இருக்கும். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். படகுக்காரன் பொண்ணை ஒரு ஆபீசர் தேடிக்கிட்டு வர்றாருன்னா சும்மாவா? எங்க தெருவே எட்டிப் பாத்துச்சு."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதில் கல்யாணம். முப்பத்து மூன்றில் அவர் கட்சியில் சேர்ந்தார். பிறகு கறுப்புச் சீருடை. தோளில் பட்டைகள் ஏற ஏற வீடும் பெரிதாகிக்கொண்டே போனது. போர் வந்ததும் போலந்துக்கும் அப்பால் ஒரு மாவட்டத்துக்கே போலீஸ் தலைவராகப் போனார். இவளையும் அழைத்துக்கொண்டார். தோட்டத்தில் செர்ரி மரம், கூடத்தில் பியானோ.

"யாரோட பியானோ?" என்றேன்.

"நான் கேக்கல தேக்லா."

அந்த ஊரில் பெர்லா ஷிஃப்மான் என்று ஒரு யூதத் தையல்காரி இருந்தாளாம். அவளிடம் அல்வீனே கரும்பச்சைக் கம்பளியில் ஒரு கோட்டு தைக்கக் கொடுத்திருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை பெர்லா இவள் வீட்டுக்கு வந்து கைக்கு அளவு எடுத்தாள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே, தன் மகளுக்குப் பல் விழுந்த கதையைச் சொல்லிச் சிரித்தாள். அன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் அல்வீனே கணவரிடம், அந்தத் தையல்காரியை மட்டும் ஒன்றும் செய்துவிடாதீர்கள், நல்ல வேலைக்காரி என்று சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் என்ன நடக்கப்போகிறது என்பது அவளுக்குக் கொஞ்சமாவது தெரிந்திருக்கிறது. அவரும் "அதுக்கென்ன, பாத்துக்கறேன்" என்றிருக்கிறார்.

புதன்கிழமை சாயங்காலம் அவரே அந்தக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு வந்தாராம்.

"பூட்ஸெல்லாம் ஊருக்கு வெளியில இருக்கிற மணல்மேட்டு மண்ணு. 'பாத்து, குண்டூசி இருக்கு, கையில குத்திடும். இனி கை ரெண்டும் வைக்கறதுதான் பாக்கி, வேற யாரையாவது பாத்துக்கோ'ன்னார். பெர்லா எங்கேன்னு கேட்டேன். 'இன்னைக்கு மொத்தத் தெருவும் முடிஞ்சுது, நானே நின்னு பாத்துக்கிட்டேன்'னுட்டு சாப்பிட உக்காந்துட்டார்."

"நீ என்னடி பண்ணினே?"

"சூப் ஆறிடுமேன்னு ஊத்தினேன்."

நான் உருளையை நிறுத்திவிட்டேன். விரிப்பு பாதியில் நின்று தீயும் வாசனை வந்தது.

"அந்தக் கோட்டு?"

"இன்னொருத்திகிட்டக் குடுத்துக் கை வெச்சு வாங்கிட்டேன். ரெண்டு குளிர்காலம் போட்டுக்கிட்டேன். பஞ்சத்துல உருளைக்கிழங்குக்கு மாத்தினேனே, அந்தக் கோட்டுதான்."

எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்த வாரம் முழுக்க அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் எதிரே நின்று விரிப்பு வாங்கியாக வேண்டும். அவள் அழவுமில்லை, தன் பக்கம் நியாயம் பேசவுமில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அந்த ஆளோட இன்னொரு தடவை ஒரே மேசையில உக்காந்தேன்னா, மறுபடியும் சூப்புதான் ஊத்துவேன் தேக்லா. எனக்கு என்னைத் தெரியும்." அதற்குப் பிறகு என் கோபம் இறங்கிவிட்டது. அவள் பயந்தது அவருக்கு மட்டுமல்ல.

லாம்பெர்ட்டைப் பிடித்தவர்கள் ஆங்கிலேயர்கள். பிடிபட்ட போர்வீரர்கள் சிலரைச் சுடச் சொன்னதற்காக அவர்மேல் வழக்கு. அந்தக் கிழக்கத்திய ஊரின் பேச்சே அங்கே எழவில்லை. முதலில் தூக்கு என்றார்கள். அது ஆயுள் ஆயிற்று, ஆயுள் பதினைந்து ஆயிற்று, பதினைந்தும் தேய ஆரம்பித்தது. தேய்த்ததில் எங்கள் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. ஊர் ஆண்கள் கூடிக் குறி சுடும் துப்பாக்கிக் கழகத்தின் கேப்டன் கஸ்பார் ஹோல்ஷர், சத்திரம் நடத்துகிறவர், வீடு வீடாகப் போய் விடுதலை மனுவுக்குக் கையெழுத்து வாங்கினார். "நம்ம ஊர்ப் புள்ள, கடமையைச் செஞ்சான், தோத்தவங்களுக்கு இதுதான் கதி" என்பார். ஆண்டுக்கொரு முறை கழகத்தின் விருந்தில் லாம்பெர்ட்டின் நாற்காலியைக் காலியாகப் போட்டு அதன் முன்னால் ஒரு கோப்பை பீர் வைப்பார்கள். பக்கத்து நாற்காலி அல்வீனேக்கு. அந்த பீரின் நுரை அடங்கும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஊர்ப் பெண்கள் அதைப் பார்த்து மூக்கைச் சிந்துவார்கள்.

அவள் அவரைப் பார்க்கச் சிறைக்குப் போகும் நாளில் ஊரே பொட்டலம் கட்டிக் கொடுக்கும். புகையில் வாட்டிய பன்றித் தொடை, கேக், சிகரெட். அவளுக்கு ஒரு துண்டுகூடக் கிடையாது, எல்லாம் அவருக்கு. ஒருமுறை நானும் துணைக்குப் போனேன். மனிதர் நன்றாகத்தான் இருந்தார். சிறையில் புத்தகம் கட்டும் வேலை, ஞாயிறுகளில் பாடகர் குழு, தோட்டத்தில் தக்காளி. கன்னம் புஷ்டியாக இருந்தது. "என் வீட்டுப் பின்பக்கத்துல பேரி மரத்தைக் கவாத்து பண்ணினியா? நீ கிளையை மொட்டையா வெட்டிடுவே, வேண்டாம், நான் வந்து பாத்துக்கறேன்" என்றார். ஏதோ வெளியூர் வேலைக்குப் போன மனிதர் மாதிரி.

அல்வீனே திடீரென்று கேட்டாள். "பெர்லாவை ஞாபகம் இருக்கா?"

அவர் யோசித்தார். நடிக்கவில்லை, நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தார்.

"யாரு? உங்க அத்தை பொண்ணா?"

திரும்பி வரும் ரயிலில் ஊர் நெருங்கும்போதுதான் சொன்னாள், விவாகரத்துக்கு வக்கீலைப் பார்க்கப் போவதாக. போனாள். வக்கீல் நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டு உபசரித்தாராம். "அம்மா, அந்நியன் குடுத்த தண்டனையை நம்ம கோர்ட்டு குத்தமாவே எடுத்துக்காது. ஜெயில்ல இருக்கிற புருஷனைக் கைவிட்டவன்னு குத்தம் உங்க மேலதான் விழும். வீடு அவரோடது. கையில என்ன இருக்கு உங்களுக்கு?" என்றாராம். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, சிறையில் அவர் நலமா என்றும் விசாரித்தாராம்.

ஐம்பத்தைந்து செப்டம்பரில் செய்தி வந்தது. லாம்பெர்ட்டுக்கு விடுதலை. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அவர்களுடைய கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருடம் நிறைகிறது. ஹோல்ஷர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். அந்த நாளிலேயே காரில் போய் அழைத்து வருவது, பாண்டு வாத்தியம், வாசலில் வெள்ளி ரோஜாத் தோரணம். தம்பதி தோரணத்துக்கு அடியில் சேர்ந்து நின்று அயலாருக்குச் சாராயம் ஊற்றிக் கொடுத்துவிட்டால் முடிந்தது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகு ஒரு பெண் புருஷனை வெளியே நிறுத்தினாள் என்று கேள்விப்பட்டதே கிடையாது.

அல்வீனே மறுநாள் உருளைக்கு வந்தபோது முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"தோரணம் யாரு கட்டணும்?" என்றாள்.

"நான்தான். முதல் அயலார் நான்தானே."

"நீ கட்டலேன்னா?"

"கட்டலேன்னா தோரணம் இல்ல. முதல் வீடு கட்டாம வேற வீடு கட்டினதா நான் கேட்டதில்ல."

"அப்போ கட்டாதே."

"கட்டல. ஆனா கார் வந்து நிக்கும்டி. கதவைத் தட்டுவாங்க. அப்போ?"

அவள் விரிப்பின் நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிடுவேன். பெர்லாவைப் பத்தி எல்லார் முன்னாலயும் சொல்லிடுவேன். இவங்க நல்லவங்க தேக்லா. எனக்குப் பத்து வருஷமா சோறு போட்டவங்க. தெரியாமத்தான் அவரைத் தலையில வெச்சுக்கிட்டு ஆடறாங்க. தெரிஞ்சா அவரை இந்த வீட்டுக்குள்ள விடச் சொல்லுவாங்களா?"

நானும் அதைத்தான் நம்பினேன். "தாராளமா சொல்லு. நான் உன் பக்கத்துல நிக்கறேன்" என்றேன். உள்ளுக்குள் ஒரு குதூகலம்கூட வந்தது. ஹோல்ஷரின் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

ஹோல்ஷர் இரண்டு நாளில் வந்து நின்றார்.

"என்ன தேக்லா, தோரண வேலை எந்த மட்டுல இருக்கு?"

"எந்த மட்டுலயும் இல்ல. நான் கட்டல."

"ஏன், கையில சூடு பட்டுடுச்சா?"

"கை நல்லாத்தான் இருக்கு. அல்வீனே கேக்கல, நான் கட்டல."

"தோரணத்தைக் கேட்டுட்டா கட்டுவாங்க? கேக்காமலே கட்டறதுதான் தோரணம். உனக்கு என்ன ஆச்சு? புருஷன் திரும்பி வராத பொறாமையா?"

கையில் சூடான விரிப்பு இருந்தது. அதை அவர் தலையில் போட்டிருக்கலாம், போடவில்லை. "வெளிய போங்க கேப்டன், ஈரக் காலோட நிக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

நான் கணக்கில் எடுக்காத ஒருத்தி இருந்தாள். அல்வீனேயின் வலது பக்கத்து வீட்டு வென்னமான் அம்மா. அதிர்ந்து பேசாத மனுஷி, கசாப்புக் கடைக்காரரின் விதவை. முதல் தொத்திறைச்சி பெரும்பாலும் அவள் வீட்டிலிருந்துதான் போகும். சனிக்கிழமைக்கு முந்தின நாள் பார்த்தால் அவள் வீட்டுக் கொட்டகையில் விளக்கு எரிகிறது. தெருப் பெண்களெல்லாம் உட்கார்ந்து முட்டைச் சாராயத்தை உறிஞ்சிக்கொண்டு வெள்ளிக் காகிதத்தில் ரோஜா திருகிக்கொண்டிருக்கிறார்கள். வழக்கத்தில் இல்லாத வேலை. முதல் வீடு இருக்க இரண்டாம் வீடு கட்டுவது எனக்குச் செருப்படி. நான் உள்ளே போய், "வென்னமான் அம்மா, இது என் வாசல் உரிமை" என்றேன். அவள் தலை நிமிரவில்லை. "உனக்கு வேண்டாம்னு விட்டுட்டே. எனக்கு வேணும்" என்றாள். எதற்காக இவளுக்கு அவ்வளவு வேண்டியிருக்கிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

காலையில் அல்வீனே கதவைத் திறந்தபோது தோரணம் கட்டியாகிவிட்டது. பச்சைக் கிளைகள் கதவை மூன்று பக்கமும் வளைத்திருந்தன, நடுவில் 25 என்று வெள்ளி எண். அவள் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுவிட்டாள். நான் பின்வாசல் வழியாகப் போய் அவளோடு சமையலறையில் இருந்தேன். அவள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. சொல்ல வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள், பரீட்சைக்குப் போகிற பெண் மாதிரி.

மதியம் கார் வந்தது. பாண்டு முழங்கியது. தெரு அடைத்துக்கொண்டு ஜனம். லாம்பெர்ட் புது மேலங்கியோடு இறங்கினார், கழகம் வாங்கிக் கொடுத்தது. கிழவிகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஹோல்ஷர் கதவைத் தட்டினார், ஒருமுறை, இரண்டுமுறை. "வெக்கப்படறா!" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது.

அல்வீனே தாழைத் திறந்து வெளியே வந்தாள். லாம்பெர்ட் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள். குரல் எல்லோருக்கும் கேட்டது. பெர்லா ஷிஃப்மான் என்ற பெயரைச் சொன்னாள். அந்தத் தெருவைச் சொன்னாள், மணல்மேட்டைச் சொன்னாள். கோட்டைத் தன் கையில் கொண்டுவந்து கொடுத்தவர் இவர்தான் என்று சொன்னாள். தான் அதைப் போட்டுக்கொண்டதையும் விடாமல் சொன்னாள். "நானும் குத்தவாளிதான். ஆனா இவரை இந்த வாசல்ல விடமாட்டேன். உங்களுக்குத் தெரியாது, அதனாலதான் கட்டிட்டீங்க. இப்போ தெரிஞ்சுபோச்சில்ல? தயவுசெஞ்சு அவுத்துடுங்க."

நான் அவர்கள் முகங்களைப் பார்த்தேன், ஒவ்வொன்றாக. அதிர்ச்சி இருக்கும் என்று தேடினேன். இல்லை. விருந்தில் குழந்தை ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டால் பெரியவர்கள் தட்டைப் பார்ப்பார்களே, அப்படித்தான் நின்றார்கள்.

வென்னமான் அம்மா முன்னால் வந்தாள். அல்வீனேயின் கன்னத்தை மெதுவாகத் தடவிக் கொடுத்தாள். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் பேசினாள். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

"தெரியும் அல்வீனே. போர்ல இருந்து லீவுல வந்த பசங்க சொல்லாமலா இருந்தாங்க? எல்லாருக்கும் தெரியும். அந்த ஜனங்களை மணல்மேட்டுக்கு ஏத்திக்கிட்டுப் போன லாரியை ஓட்டினது என் பையன். அதோ டிரம்மோட நிக்கிறானே, அவன்தான். உன் புருஷன் கொலைகாரன்னா அவன் யாரு? நான் யாரு? வாயைத் துடைச்சுக்கிட்டு அவரை உள்ள சேத்துக்க."

அல்வீனே என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான். பத்து வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள், சொன்னால் கதவு தன்னுடையதாகிவிடும் என்று. சொல்லியும் ஆயிற்று.

"பாவம், தனியா இருந்து இருந்து மனசு நொந்துபோச்சு" என்றார் ஹோல்ஷர் சத்தமாக. கூட்டம் பெருமூச்சு விட்டது. அவர் கை காட்ட, பாண்டு மறுபடி ஆரம்பித்தது, முன்னைவிடச் சத்தமாக. லாம்பெர்ட் மனைவியின் தோளில் கை போட்டு, அவளைக் கொஞ்சம் ஒதுக்கி, குனிந்து தோரணத்துக்குள் நுழைந்தார். "அவளை விடுங்க!" என்று நான் கத்தினேன். வாத்தியச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, கேட்டவர்களும் திரும்பவில்லை.

உள்ளே அவர் சமையலறை அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. வெளியே அயலார் சாராயத்துக்காகக் காத்து நின்றார்கள்.

"அல்வீனே, கோப்பையெல்லாம் எங்க வெச்சிருக்கே?" என்று அவர் உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

அவள் உள்ளே போய் எடுத்துக் கொடுத்தாள்.